பன்னிரண்டு பேர் ஓட்டும் ரேஸ்: வடசென்னைப் பெண்கள் ரோடு ரேஸுக்குத் தயாராவது எப்படி

நம் பக்கத்து ரோடு ரேஸ்களில் ஆண்கள் பிரிவு கிளம்பும்போது சாலையே நிறைந்துவிடும். பெண்கள் பிரிவில் பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு பேர்தான். காலேஜ் படிக்கிற பெண்ணும் நாற்பதைத் தாண்டிய அக்காவும் ஒரே விசிலுக்குக் கிளம்புவார்கள். ஆள் குறைவாக இருப்பது வருத்தம்தான், அதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். ஆனால் ஓட்டப்போகிற பெண் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை யாரும் சொல்லித் தருவதில்லை. எண்பது பேர் ரேஸுக்கும் பன்னிரண்டு பேர் ரேஸுக்கும் விதிகள் ஒன்றுதான், ஓட்டும் விதம் வேறு.

பெரிய கூட்டத்தில் நடுவில் போய் ஒளிந்துகொள்ளலாம். யாரோ ஒருவர் முன்னால் இழுப்பார், அதாவது காற்றை உடைத்துக்கொண்டு முதலில் ஓட்டுவார், ஓடிப்போனவரை யாரோ ஒருவர் துரத்துவார். பன்னிரண்டு பேரில் ஒளிய இடமில்லை. முன்னால் போகும் முறை நான்கைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை உங்களிடம் வரும். ஒருவர் பிய்த்துக்கொண்டு போனால் துரத்த வேண்டியவர் நீங்களாகவே இருக்கலாம். இரண்டு மீட்டர் இடைவெளி விட்டால் அதை மூட உங்களுக்கும் பின்னால் ஆளிருக்காது.

நம் பெண்களில் நிறையப் பேர் பழகுவது ஆண்கள் குழுவின் வாலில். மணிக்கு 36, 37 கிலோமீட்டரில் கடைசி வீலை, அதாவது கடைசி ஆளின் பின்சக்கரத்தை ஒட்டிய இடத்தை, பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்வார்கள். காலுக்கு நல்ல பயிற்சி, சந்தேகமில்லை. ஆனால் அதில் கைவருவது தொங்கிக்கொண்டு போவது மட்டும். சீராக இழுப்பது, எப்போது விலகுவது, எப்போது பாய்வது, யாரைத் துரத்தாமல் விடுவது என்று ரேஸை முடிவு செய்கிற வேலைகள் எதுவும் கடைசி வீலில் இருப்பவருக்கு வராது. என்னைக் கேட்டால், நான்கு பெண்கள் சேர்ந்து மணிக்கு 31, 32-இல் முறைவைத்து ஓட்டும் ஒரு மணி நேரம், ஆண்கள் வாலில் போகும் மூன்று மணி நேரத்தைவிட ரேஸுக்கு உதவும்.

வீலில் உட்காருவதால் என்ன மிச்சம் என்பதைக் கணக்கில் பார்த்தால் புரியும். 58 கிலோ எடையுள்ள பெண், 9 கிலோ ரோடு பைக், சமதளம், காற்றில்லாத காலை. தனியாக மணிக்கு 35 கிலோமீட்டரில் போக ஏறக்குறைய 200 வாட் வேண்டும். நெருக்கமாக ஒருவர் பின்னால் போனால் 150 வாட் போதும். அதே பெண் விட்டுப்போன இடைவெளியை மூட மணிக்கு 40-க்குப் போனால் 280 வாட். காற்றை வெல்லத் தேவைப்படும் சக்தி வேகத்தின் முப்படியில், அதாவது வேகம் × வேகம் × வேகம் என்ற கணக்கில், ஏறுவதால் இப்படி. ஐந்து கிலோமீட்டர் வேகம்தானே கூடுகிறது என்று மனசு சொல்லும், காலுக்கு அது வேறு கணக்கு. ஒரு மணி நேர ரேஸில் பத்துத் தடவை இப்படி இடைவெளியை மூடியவர் கடைசி இரண்டு கிலோமீட்டரில் காலியாகத்தான் இருப்பார். "எனக்கு பவர் பத்தல" என்று வீட்டுக்குப் போய் இன்டர்வல் (விட்டுவிட்டு வேகமாக மிதிக்கும் பயிற்சி) கூட்டுவார். பத்தாமல் போனது பெரும்பாலும் பவர் இல்லை, முன்சக்கரத்துக்கும் அடுத்தவர் பின்சக்கரத்துக்கும் நடுவே விட்ட இடம்.

பழக்கமில்லாதவர் ஒரு சைக்கிள் நீளம் விட்டு ஆரம்பிக்கலாம். ரேஸில் அரை மீட்டருக்குள் வர வேண்டும். கண், முன்னால் இருப்பவரின் டயரில் ஒட்டிக்கொள்ளக் கூடாது. இடுப்பு, தோள், அதற்கும் முன்னே சாலை என்று பார்வை போக வேண்டும், டயர் ஓரக்கண்ணில் தெரிந்தால் போதும். நெருங்கிவிட்டால் பிரேக்கைத் தொடாதீர்கள். சற்று நிமிர்ந்து மார்பில் காற்று வாங்கினாலே வேகம் குறையும். எது நடந்தாலும் உங்கள் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்தின் பக்கவாட்டுக்குள் நுழையக் கூடாது. அவர் ஒரு குழிக்காகக் கையளவு நகர்ந்தால் அவருக்கு ஒன்றும் ஆகாது, ஸ்டியரிங் இல்லாத பின்சக்கரம் தாங்கிவிடும். உங்கள் முன்சக்கரம்தான் ஹேண்டிலைப் பிடுங்கிக்கொண்டு போகும், விழுவது நீங்கள். உரசியே விட்டால் விலகப் பார்க்காமல், உரசும் பக்கமே லேசாகச் சாய்ந்து மிதித்துக்கொண்டே பின்வாங்க வேண்டும்.

மலைப்பாதை வடசென்னைக்கு வாய்க்கவில்லை. மேம்பாலங்களை விட்டால் ஏற்றமே கிடையாது. ஆனால் காற்று இருக்கிறது, தென்சென்னைக்காரர்களுக்குக் குறையாமலே இருக்கிறது. காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை சாலை ஏறக்குறைய தெற்கு வடக்காகக் கடலை ஒட்டிப் போகிறது. ஆகவே கடற்காற்றும், மேற்கிலிருந்து வரும் மேல்காற்றும் பக்கவாட்டில்தான் அடிக்கும். பக்கக்காற்றில் ஓட்டத் தெரிந்த பெண்ணுக்குச் சின்னக் கூட்ட ரேஸில் பெரிய அனுகூலம் உண்டு. காரணம் எளிது: எதிர்காற்றில் நிழல், அதாவது முன்னால் இருப்பவர் காற்றை மறைக்கும் இடம், நேர் பின்னால் விழும், பக்கக்காற்றில் அது சாய்ந்து விழும். வலப்பக்கக் காற்று என்றால் நிழல் முன்னால் போகிறவரின் பின்-இடப்பக்கம். அங்கே போகத் தெரியாமல் நேர் பின்னால் உட்கார்ந்திருப்பவர், வீலைப் பிடித்திருக்கிறோம் என்று நம்பிக்கொண்டே தனியாக ஓட்டுகிறவரின் உழைப்பை உழைத்துக்கொண்டிருப்பார்.

ஆனி, ஆடியில் காலையிலேயே மேல்காற்று வீசும். அம்மியும் பறக்கும் என்கிற அந்தக் காற்றுதான் கூட்டப் பயிற்சிக்கு நல்லது. வடக்கே போகும்போது காற்று இடப்பக்கம். முன்னால் இழுத்து முடித்தவர் காற்று வரும் பக்கமாக, அதாவது இடது ஓரமாக விலகிப் பின்வாங்க வேண்டும். இடது ஓரம் நம் சாலையில் பாதுகாப்பான பக்கமும்கூட. முறையும் பாதுகாப்பும் அங்கே ஒத்துப்போகின்றன. கோடைக் கடற்காற்று முற்பகலுக்கு மேல்தான் இறங்கும். அப்போது வடக்கே போனால் காற்று வலப்பக்கம், விலக வேண்டிய பக்கம் லாரி வரும் பக்கம். திறந்த சாலையில் அதைச் செய்யவே கூடாது. ஒற்றை வரிசை, இடப்பக்கமே விலகல், நிழல் குறைந்தாலும் பரவாயில்லை. நிழலுக்காகச் சாலையின் குறுக்கே சாய்வாக நிற்கும் சாய்வு வரிசையை மூடிய சாலையில், ரேஸில் வைத்துக்கொள்ளலாம். ரேஸில் அப்படி ஒரு கட்டம் வந்தால், முன்னால் இருப்பவர் இடது ஓரத்தை ஒட்டி ஓட்டினால் பின்னால் வருபவருக்கு நிழலில் நிற்க சாலையே மிஞ்சாது. எதிராளியை அவிழ்த்துவிட அதுவே வழி, தன் கூட்டாளிக்கு இடம் கொடுக்கச் சாலையின் நடுப்பக்கம் ஓட்டுவதும் அதே கணக்குதான்.

இழுக்கும் முறையில் எல்லாரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. தன் முறை வந்ததும் உற்சாகத்தில் வேகத்தைக் கூட்டிவிடுவது. ஸ்பீடோமீட்டரில் 33 இருந்தால் 33-லேயே இருக்கட்டும். முன்னால் இருப்பவர் விலகி ஒன்றிரண்டு கிலோமீட்டர் குறைப்பதால் நீங்கள் தானாகவே முன்னால் வந்துவிடுவீர்கள். 20 முதல் 30 விநாடி, அதற்குமேல் வேண்டாம். விலகும்போது முழங்கையை ஆட்டிச் சைகை, ஒரு தடவை பின்னால் பார்வை, பிறகு மெல்ல நகர்வு. மிதிப்பதை நிறுத்தாதீர்கள். கடைசி ஆளின் தோள் உங்கள் தோளுக்கு வரும்போதே மறுபடி அழுத்தத் தொடங்க வேண்டும். அவர் போனபிறகு தொடங்கினால் வீல் போய்விடும். களைத்தவர் இழுக்க வேண்டியதில்லை. "அக்கா, நீங்க போங்க" என்று சொல்லி ஐந்து விநாடியில் விலகிவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

எங்கே பழகுவது? எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கும். அந்தச் சாலை ஞாயிறு விடியலில் மட்டும், அதுவும் ஜோடியாக. திருப்பத்தில் ட்ரெய்லரின் இடப்பக்கம் ஒருபோதும் நிற்காதீர்கள். முன்பகுதி அகலமாகத் திரும்பினாலும் பின்சக்கரங்கள் உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும், நீங்கள் நிற்கும் இடமே இல்லாமல் போகும். பக்கக்காற்று நாளில் லாரி கடக்கும்போது காற்று சட்டென்று நின்று, அது போனதும் மறுபடி அறையும். ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல், முழங்கையை மடக்கி வைத்திருந்தால் சைக்கிள் தடுமாறாது. நீண்ட சீரான ஓட்டத்துக்கு மீஞ்சூர் பக்கத்திலிருந்து வண்டலூர் வரை 62 கிலோமீட்டர் போகும் வெளிவட்டச் சாலையின் சர்வீஸ் ரோடு பரவாயில்லை, ஆனால் எதிர்த்திசையில் பைக் வரும். என் ஓட்டு பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் பாதைக்கு. வெளியும் வயலும் உப்பங்கழிக் காற்றும், கனரக வண்டி குறைவு. தண்டையார்பேட்டையிலிருந்து போனால் ஒருவழிக்கே ஐம்பது கிலோமீட்டர் அளவில் வரும் என்பதால் மாதம் ஓரிரண்டு முறைக்கு வைத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தின் முதல் மழையில் மணலி, எண்ணூர் பக்கச் சாலைகளை விட்டுவிடுங்கள். எண்ணெய்ச் சொட்டும் நிலக்கரித் தூளும் சேர்ந்து வழவழப்பாகிவிடும்.

அடுத்தது யூ-டர்ன். நம் ரேஸ்கள் பல, சாலையின் ஒரு பக்கத்தை மூடி, கூம்பு வைத்துத் திரும்பி வரும் தடத்தில் நடக்கின்றன. சின்னக் கூட்டம் உடைவது பெரும்பாலும் அங்கேதான். 35-இல் வந்த கூட்டம் 12, 13-க்கு இறங்குகிறது. முதல் ஆள் திரும்பி முடித்து மிதிக்கத் தொடங்கும்போது எட்டாவது ஆள் இன்னும் பிரேக்கில் இருக்கிறார். அவர் திரும்பி முடிக்கும்போது முன்னால் இருபது, முப்பது மீட்டர் போயிருக்கும். மேலே சொன்ன 280 வாட் வேலை அப்போது வரும். மூன்று சுற்று, மூன்று யூ-டர்ன் போதும், வால் அறுந்துவிடும். ஆகவே கூம்புக்கு 300 மீட்டர் முன்பே முதல் மூன்று இடத்துக்குள் வந்துவிடுங்கள். அதற்குச் செலவாகும் சக்தி, பிறகு துரத்தச் செலவாகும் சக்தியில் பாதிகூட இருக்காது.

திரும்பும் விதம் இப்படி. நேராக இருக்கும்போதே பிரேக், திருப்பத்துக்குள் போனபிறகு இல்லை. பிரேக் பிடிக்கும்போதே பின்சக்கரத்துக் காசெட்டில் மூன்று நான்கு கியர் இலகுவாக மாற்றிவிடுங்கள். மறந்தால் திரும்பியதும் பெரிய கியரில் மாட்டிக்கொண்டு எழுந்து நின்று முக்க வேண்டியிருக்கும், அந்த மூன்று விநாடியில் கூட்டம் போய்விடும். இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் யூ-டர்ன் வலப்பக்கம் என்பதால் வலது பெடல் மேலே, இடது பெடல் கீழே, உடம்பின் எடை முழுக்க இடது காலில். வலது பெடல் கீழே இருந்தால் சாயும்போது சாலையில் தட்டிப் பின்சக்கரம் எழும்பும். கை டிராப்ஸில், அதாவது ஹேண்டிலின் வளைந்த கீழ்ப்பிடியில். கண் கூம்பில் இருக்கக் கூடாது, வெளியேறும் இடத்தில் இருக்க வேண்டும். சைக்கிள் நிமிரத் தொடங்கிய கணமே மிதிக்கலாம். பயிற்சிக்கு ஆளில்லாத ஒரு சாலையில் இரண்டு தண்ணீர் பாட்டிலை வைத்து, பத்து மீட்டர் அகலத்தில் முதலில் தனியாக, பிறகு மூன்று பேராக. பழைய சைக்கிள் வாங்கியவர்கள் வலது கைப்பிடி முன்பிரேக்கா பின்பிரேக்கா என்று முதலில் பாருங்கள், வெளிநாட்டிலிருந்து வந்தவற்றில் மாறியிருக்கும்.

கை சிறிதாக உள்ள பெண்களுக்கு பிரேக் லீவர் எட்டுவதில்லை என்பது அடிக்கடி கேட்கும் குறை. விரல்நுனியால் எட்டிப் பிடித்தால் பிரேக்கும் பிடிக்காது, மணிக்கட்டும் வலிக்கும். பெரும்பாலான ரோடு லீவர்களில் ஒரு சின்ன ஆலன் ஸ்க்ரூ உண்டு, அதைத் திருகினால் லீவர் கைப்பிடிக்கு அருகே வரும். ரிம் பிரேக்கானால் அதன்பின் கேபிளை மறுபடி சரிபார்க்க வேண்டும். ஹேண்டில்பார் தோள் அகலத்துக்கு, 38 செ.மீ. போல. பெடலைத் தாங்கும் கிராங்க் தண்டு 165 மி.மீ. கிடைத்தால் நல்லது. கடைகளில் 54 அளவு ஃபிரேமை "ஸ்டெம் மாத்திக்கலாம்மா" என்று சொல்லி விற்பார்கள். ஹேண்டிலை ஃபிரேமோடு இணைக்கும் ஸ்டெம்மை எவ்வளவு குட்டையாக்கினாலும் பெரிய ஃபிரேம் பெரிய ஃபிரேம்தான், வாங்காதீர்கள். சீட்டுக்கு, அட்டைப்பெட்டி அட்டை ஒன்றைக் கடினமான ஸ்டூலில் போட்டு முன்னால் குனிந்து உட்காருங்கள். விழும் இரண்டு பள்ளங்களின் நடுவிலிருந்து நடு வரை அளந்து 20 முதல் 25 மி.மீ. கூட்டினால் சீட்டின் அகலம். பேட் வைத்த ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை போடக் கூடாது. தொடையிடுக்குப் புண்ணுக்குப் பாதிக் காரணம் அந்தத் தையல்தான்.

காற்றழுத்தத்திலும் கடைக்காரர் பேச்சைக் கேட்க வேண்டாம். டயர் பக்கவாட்டில் எழுதியிருப்பது உச்ச வரம்பு, அளவு இல்லை. 58 கிலோ பெண்ணுக்கு 25 மி.மீ. டயரில் முன்னால் 75, பின்னால் 80 பி.எஸ்.ஐ.; 28 மி.மீ. என்றால் 60, 65. நூற்றிருபது அடித்தால் சைக்கிள் துள்ளும், திருப்பத்தில் பிடிப்பு போகும்.

இந்தப் பக்கச் சாலைகளுக்கே உரிய ஒரு பஞ்சர் உண்டு. வெடித்த லாரி டயரிலிருந்து வரும் மெல்லிய எஃகு இழை. முடியைவிடச் சற்றுத் தடிமன், ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. ட்யூப் மாற்றிக் காற்றடித்து இரண்டு கிலோமீட்டர் போனதும் மறுபடி இறங்கும், இழை டயரிலேயே இருப்பதால். டயரை மாட்டும்போதே கம்பெனிப் பெயர் வால்வுக்கு நேராக வரும்படி மாட்டி வையுங்கள். ட்யூபில் ஓட்டை வால்விலிருந்து எத்தனை சாண் என்று பார்த்தால் டயரில் அதே இடம் கிடைத்துவிடும். விரலால் தடவாதீர்கள், குத்தும். பருத்தித் துணியை டயரின் உள்பக்கம் இழுத்தால் நூல் சிக்கும் இடத்தில் இழை இருக்கிறது. புருவம் பிடுங்கும் ட்வீசர் ஒன்று பையில் இருந்தால் உருவிவிடலாம்.

ரோடு பைக் வாங்கும்வரை பள்ளிப் பெண்கள் காத்திருக்க வேண்டியதில்லை. அண்ணா பிறந்தநாளையொட்டி விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டம்தோறும் நடத்தும் மிதிவண்டிப் போட்டி, சாதாரணக் கைப்பிடி சைக்கிளுக்கானது. 13 வயதுக்குட்பட்ட மாணவிகளுக்கு 10 கிலோமீட்டர், 15, 17 வயதுப் பிரிவுகளுக்கு 15 கிலோமீட்டர். அரசு கொடுக்கும் சைக்கிளிலேயே நிழலில் ஓட்டுவதைப் பழகலாம். காற்றுக்குச் சைக்கிள் விலை தெரியாது.

தண்ணீர் விஷயத்தை வெளிப்படையாகப் பேச வேண்டும். வழியில் கழிப்பறை கிடைக்காது என்பதற்காகவே பல பெண்கள் குடிக்காமல் கிளம்புகிறார்கள். சென்னைப் புழுக்கத்தில் அது இரண்டாவது மணி நேரத்தில் தலைவலியாகவும், அடுத்த வாரம் சிறுநீர்த் தொற்றாகவும் திரும்பி வரலாம். நீண்ட ஒற்றைப் பாதையைவிட, சுத்தமான கழிப்பறை உள்ள ஒரு பெட்ரோல் பங்க்கை நடுவில் வைத்து 12, 15 கிலோமீட்டர் சுற்றுகளாகத் திட்டமிடுங்கள். மணிக்கு 500 முதல் 750 மி.லி. குடியுங்கள். ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் எழுதியபடி ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், அரை லிட்டரில் கெட்டியாகக் கரைத்தால் வயிறு புரட்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போனால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து: நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் அளவில் இருக்கும், மீதிக்குப் பேரீச்சம்பழம் அல்லது பாட்டிலில் சர்க்கரை. ஆறு மணி ரேஸுக்கு நான்கு மணிக்கே இட்லி. வடையும் பொங்கலும் ரேஸ் முடிந்ததும்.

மாதவிடாய் நாளில் ரேஸ் விழுந்தால் ஓட்டலாம். ஓட்டக் கூடாது என்று எந்த விதியும் உடம்பில் இல்லை. ஷார்ட்ஸின் பேடுக்கு மேல் நாப்கின் வைத்தால் உரசிப் புண்ணாகும், மாதவிடாய் கப் பழகியவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ரேஸ் நாளில் முதல்முறையாக முயலாதீர்கள். பயிற்சியைக் கூட்டியபின் மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லை என்றால் அது "ஃபிட்" ஆனதற்கு அடையாளம் இல்லை. பெரும்பாலும் செலவழிக்கும் சக்தி அளவுக்குச் சாப்பிடவில்லை என்று அர்த்தம், எலும்பு தேயலாம், மருத்துவரைப் பாருங்கள். காரணமில்லாமல் மூச்சு வாங்கினால் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருந்தும் இரும்புக் கையிருப்பு காலியாக இருக்கலாம்.

சின்னக் கூட்டத்தை எப்படி ஜெயிப்பது என்பதற்கு இரண்டு ஒலிம்பிக் ரேஸ்கள் இருக்கின்றன. டோக்கியோவில் 2021 ஜூலையில், தொழில்முறை அணி எதுவும் இல்லாத கணித ஆய்வாளர் ஆன்னா கீசன்ஹோஃபர் 137 கிலோமீட்டர் ரேஸில் கொடி இறங்கியதுமே ஓடிப்போனார், தங்கமும் வென்றார். காதில் ரேடியோ கிடையாது, பின்னால் வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இரண்டாவதாக வந்த நெதர்லாந்தின் வான் ஃப்ளூட்டன் தானே ஜெயித்ததாக நினைத்துக் கையைத் தூக்கினார். பாரிஸில் 2024-இல் கிறிஸ்டன் ஃபாக்னர், தன்னோடு துரத்தி வந்த இன்னொருவருடன் சேர்ந்து, முன்னால் போன இருவரை எட்டிப் பிடித்ததும் மூச்சு வாங்க நிற்கவில்லை. மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது அப்படியே பாய்ந்தார், மற்ற மூவரும் நீ துரத்து, நீ துரத்து என்று தயங்கினார்கள், தங்கம் ஃபாக்னருக்கு. அவர் ரோடு பைக் பழகத் தொடங்கியதே 2017-இல்தான்.

இந்தத் தயக்கம் நம் பன்னிரண்டு பேர் கூட்டத்தில் இன்னும் அதிகம். அங்கே அணிகளே இல்லை. ஆகவே ஸ்ப்ரிண்ட் வராத பெண், கடைசிவரை காத்திருந்து நான்காவதாக வருவதைவிட முன்பே முயன்று பார்க்கலாம். கூட்டம் யாரையோ துரத்திப் பிடித்து இளைப்பாறும் கணம், அல்லது கடைசி யூ-டர்னின் வெளிவாசல், இரண்டும் நல்ல நேரம். பின்னாலிருந்து, சாலையின் மறுபக்கமாக, முழு வேகத்தில் கடந்து போங்கள். பக்கத்திலிருந்து மெல்ல நகர்ந்தால் உங்கள் வீலில் மூன்று பேர் ஏறிவிடுவார்கள். முதல் முப்பது விநாடி திரும்பிப் பார்க்காதீர்கள்.

ஸ்ப்ரிண்ட் (கடைசி முழுவேகப் பாய்ச்சல்) வருமென்றால் மூன்றாவது வீலில், அதாவது மூன்றாவது இடத்தில், இருங்கள். எதிர்காற்றில் 150 மீட்டர், பின்காற்றில் 250 மீட்டர் இருக்கும்போது கிளம்பலாம். கியரை முன்பே ஒன்றிரண்டு கூட்டி வையுங்கள், கை டிராப்ஸில், எடுத்த கோட்டிலேயே நேராக. முடிவுக் கோட்டைத் தாண்டியதும் பிரேக் பிடிக்காமல் நூறு மீட்டராவது அதே வரிசையில் உருண்டு போங்கள், பின்னால் தலை குனிந்து வருகிறவர்களுக்கு நீங்கள் நின்றது தெரியாது.